மலைத் தண்ணீரில் நீச்சல் குளமும் ஸ்பாவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூர், கோத்தகிரி, உதகை, கொடைக்கானல் பக்கம் விடுதியோ பங்களாவோ நடத்துபவர்களும், அங்குள்ள நீச்சல் குளத்தையும் ஸ்பா எனப்படும் வெந்நீர்த் தொட்டியையும் பார்த்துக்கொள்ளும் பணியாளர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சமவெளியில் குளம் பார்த்துப் பழகியவர்கள் மலைக்கு வந்ததும் தடுமாறுவதற்குக் காரணம் ஒன்றுதான்: அங்கே தண்ணீரில் சுண்ணாம்பு மிகுதி, இங்கே பற்றாக்குறை.

ஊற்றுத் தண்ணீர் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது அதில் சரிசெய்ய என்ன இருக்கிறது?

தெளிவு வேறு, சமநிலை வேறு. நீலகிரியும் பழனி மலையும் பெரும்பாலும் சார்னோகைட் என்னும் கடும்பாறையால் ஆனவை. தண்ணீரில் எளிதில் கரையக்கூடிய சுண்ணாம்பு அந்தப் பாறையில் மிகக் குறைவு. சோலையின் இலைமக்கில் ஊறிப் பாறை இடுக்குகளில் வழிந்து வரும் நீரில் ஆகவே கால்சியமும் பைகார்பனேட்டும் சொற்பமாகவே இருக்கும். மக்கிலிருந்து பெற்ற கரியமில வாயுவால் அது சற்றே அமிலச் சாயலும் கொண்டிருக்கும். குடிப்பதற்கு அருமையான தண்ணீர். சோப்பு உடனே நுரைக்கும், நுரை போகத்தான் நான்கு முறை அலச வேண்டும். பருப்பு வேகவும் ஏற்ற தண்ணீர்தான், ஆனால் இந்த உயரத்தில் கொதிநிலை குறைந்துவிடுவதால் குக்கர் இல்லாமல் அந்தப் பயன் நமக்குக் கிட்டுவதில்லை.

அதே தண்ணீரைக் குளத்தில் நிரப்பியதும் அந்த மென்மையே பகையாகிறது. தன்னிடம் இல்லாத சுண்ணாம்பை அது தொட்ட இடத்திலிருந்தெல்லாம் எடுத்துக்கொள்ளும்: டைல்ஸ் இடுக்கில் பூசிய சிமெண்டிலிருந்தும், சுவர்ப் பூச்சிலிருந்தும் எடுக்கும், அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். எண் தாழ்ந்திருந்தால் ஹீட்டரின் செம்புச் சுருளையும் அரிக்கும். தொழிலில் இருப்பவர்கள் இதைப் பசித்த தண்ணீர் என்கிறோம். சுண்ணாம்பு வெந்நீரைவிடக் குளிர்ந்த நீரில் அதிகம் கரையும் என்பதால், மலையின் குளிரும் அந்தப் பசிக்குத் துணைபோகிறது.

என் குளத்துத் தண்ணீர் பசித்த தண்ணீரா என்பதை எப்படி அறிவது?

தொடக்க காலத்தில் கோத்தகிரிச் சாலையில் ஒரு விருந்தினர் இல்லத்துக் குளத்தை ஓராண்டு முழுவதும் நான் பார்த்துக்கொண்டேன். குளோரின் சரியாக இருந்தது, பி.எச். ஏறக்குறைய சரியாக இருந்தது, தண்ணீர் கண்ணாடிபோல் இருந்தது. எனக்கும் பெருமையாக இருந்தது. ஒருநாள் படிக்கட்டின் ஓரத்தில் உட்கார்ந்து டைல்ஸ் இடுக்கில் கட்டைவிரல் நகத்தால் கீறிப் பார்த்தபோது, ஈர மணல்போல ஒரு கோடு உதிர்ந்து நகத்தில் ஒட்டிக்கொண்டது. அதே மாதத்தில் ஹீட்டரின் சுருளிலும் ஊசித்துளை அளவுக்கு ஓட்டை விழுந்தது. தவறு முழுக்க என்னுடையது. மொத்தக் காரத்தன்மையையும் (அமிலத்தைத் தாங்கும் பைகார்பனேட் முதலியவற்றின் அளவு) கால்சியம் கடினத்தன்மையையும் (கரைந்துள்ள கால்சியத்தின் அளவு) நான் ஒருமுறைகூட அளந்ததில்லை.

ஆகவே நகச் சோதனையை இன்றே செய்து பாருங்கள். கூடவே, குளத்தில் தண்ணீர் விழும் குழாய் வாயைச் சுற்றி நீலப்பச்சைக் கறை தெரிகிறதா, சொரசொரப்பாக இல்லாதிருந்த பூச்சு பாதத்தை உராய்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

உறுதியான விடை காரத்தன்மைக்கான சொட்டுச் சோதனையில் கிடைக்கும். 25 மில்லிலிட்டர் தண்ணீரில் நிறங்காட்டியை விட்டால் அது பச்சையாகும். பிறகு அமிலக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கிக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் சட்டென்று சிவப்பாகும். வழக்கமான பெட்டிகளில் ஒரு சொட்டுக்கு 10 பி.பி.எம். என்று கணக்கு, ஒரு பி.பி.எம். என்பது லிட்டருக்கு ஒரு மில்லிகிராம். சமவெளியின் ஆழ்குழாய்க் கிணற்று நீரில் இருபது சொட்டுக்கு மேலும் போகக்கூடும். ஊற்று நீரில் இரண்டாவது, மூன்றாவது சொட்டிலேயே நிறம் மாறிவிடும். முதல்முறை பார்ப்பவர்கள் சோதனைப் பெட்டி கெட்டுவிட்டது என்றே நினைப்பார்கள்.

எவையெவை எவ்வளவு இருக்க வேண்டும்?

நீச்சல் குளத்தில் பி.எச். 7.2-க்கும் 7.8-க்கும் இடையில் இருக்க வேண்டும்; 7.4 முதல் 7.6 வரை இருந்தால் கண்ணுக்கும் தோலுக்கும் நல்லது. மொத்தக் காரத்தன்மை 80 முதல் 120 பி.பி.எம்., கால்சியம் கடினத்தன்மை 200 முதல் 400 பி.பி.எம். என்பது பொதுவான வரையறை. குளோரினுக்கு வெயில் காப்பான சயனூரிக் அமிலம் சேர்க்காத குளத்தில் செயல்படும் குளோரின் 1 பி.பி.எம்.முக்குக் குறையக்கூடாது, அது சேர்த்திருந்தால் குறைந்தது 2 பி.பி.எம். தேவை. வெந்நீர்த் தொட்டிக்குக் குறைந்தது 3 பி.பி.எம். குளோரினோ, 4 பி.பி.எம். புரோமினோ வேண்டும்.

இவற்றுள் குளோரினும் பி.எச்.சும் நாள்தோறும், ஆட்கள் மிகுந்த நாள்களில் ஒரே நாளில் பலமுறையும் பார்க்க வேண்டியவை. காரத்தன்மையை வாரம் ஒருமுறையும், கடினத்தன்மையை மாதம் ஒருமுறையும் பார்த்தால் போதும். பெருமழைக்குப் பின்னும், புதிதாகத் தண்ணீர் நிரப்பிய பின்னும் இரண்டையும் உடனே பார்த்துவிடுங்கள்.

ஒவ்வொன்றும் வரையறைக்குள் இருந்தால் போதாதா? சமநிலை எண் என்று தனியாக ஒன்று எதற்கு?

போதாது. தண்ணீர் சுண்ணாம்பைக் கரைக்குமா, படியவிடுமா என்பதைப் பி.எச்., வெப்பநிலை, கால்சியம், காரத்தன்மை ஆகிய நான்கும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. 1936-ஆம் ஆண்டில் லாங்கிலியர் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் குடிநீர்க் குழாய்களின் அரிப்பை ஆராய்ந்து உருவாக்கிய குறியீடுதான் இன்றும் குளங்களுக்குப் பயன்படுகிறது. குளத்துக்கென எளிமையாக்கிய வடிவில், பி.எச். எண்ணோடு வெப்பநிலை, கால்சியம், காரத்தன்மை ஆகியவற்றுக்குரிய காரணி எண்களைக் கூட்டி 12.1-ஐக் கழிக்க வேண்டும். விடை பூச்சியத்தை ஒட்டி, அதாவது –0.3-க்கும் +0.3-க்கும் இடையில் இருந்தால் தண்ணீர் அமைதியாக இருக்கிறது என்று பொருள். அதற்குக் கீழே போனால் அரிக்கும்; மேலே போனால் படியும்.

ஊற்று நீரை அப்படியே நிரப்பிய குளத்தை எடுத்துக்கொள்வோம். வெப்பநிலை 16 டிகிரி செல்சியஸ், அதற்குக் காரணி 0.4. கால்சியம் 25 பி.பி.எம்., காரணி 1.0. காரத்தன்மை 25 பி.பி.எம்., காரணி 1.4. பி.எச். 7.4 என்று கொண்டால், 7.4 + 0.4 + 1.0 + 1.4 – 12.1 = –1.9. பி.எச். மட்டும் பார்ப்பவருக்கு இந்தக் குளம் ஒரு குறையும் இல்லாதது. சிமெண்டுக்கோ இது மெதுவாக வேலை செய்யும் அமிலம். இதே குளத்தில் கால்சியத்தை 300-க்கும் (காரணி 2.1), காரத்தன்மையை 100-க்கும் (காரணி 2.0), பி.எச்.சை 7.6-க்கும் கொண்டுவந்தால் விடை சரியாகப் பூச்சியம்.

வெப்பநிலையின் பங்கையும் பாருங்கள்: அந்தக் காரணி 29 டிகிரிக்கு 0.7. மசினகுடி போன்ற வெயில் மிகுந்த தாழ்ந்த இடத்தில் 7.6-க்குப் பதில் 7.3 பி.எச். வைத்தாலே சமநிலை கிடைத்துவிடும் என்றால், உதகைக் குளிரில் அதே 7.3 அரிப்பின் விளிம்புக்கே கொண்டுபோய்விடும். கால்சியம் வரையறையின் அடிவிளிம்பான 200-ஐ விட 300-ஐ ஒட்டி வைப்பதே மலைக்கு ஏற்றது என்று நான் சொல்வது இதனால்தான்.

சயனூரிக் அமிலம் சேர்த்த குளத்தில், அதன் அளவில் மூன்றில் ஒரு பங்கைக் காரத்தன்மையிலிருந்து கழித்துவிட்டுத்தான் இந்தக் கணக்கைப் போட வேண்டும்.

காரத்தன்மையையும் கால்சியத்தையும் எதைக்கொண்டு, எவ்வளவு ஏற்றுவது?

காரத்தன்மைக்குச் சோடியம் பைகார்பனேட், அதாவது ஆப்பத்துக்குப் போடும் அதே சமையல் சோடா. வண்ண டப்பாவில் வேறு பெயரோடு பல மடங்கு விலைக்கு விற்கப்படுவதும் இதுதான். ரசாயனக் கடையில் மூட்டையாக வாங்கிக்கொள்ளுங்கள். ஆயிரம் லிட்டருக்கு 17 கிராம் போட்டால் ஏறக்குறைய 10 பி.பி.எம். ஏறும். 50,000 லிட்டர் குளத்தை 25-லிருந்து 95-க்கு உயர்த்த ஏறத்தாழ 6 கிலோ வேண்டும். இரண்டு மூன்று தவணைகளாகப் பிரித்து, மோட்டார் ஓடும்போது ஆழமான பக்கத்தில் தூவுங்கள்.

கால்சியத்துக்குச் செதில் வடிவக் கால்சியம் குளோரைடு. ஆயிரம் லிட்டருக்கு 15 கிராம் அளவில் 10 பி.பி.எம். ஏறும். மேற்படி குளத்தை 25-லிருந்து 225-க்குக் கொண்டுபோக 15 கிலோ ஆகும். இது கரையும்போது கணிசமான சூடு எழும்பும்; வாளியில் முதலில் தண்ணீரை நிரப்பிவிட்டுத்தான் செதிலைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும், செதிலின் மேல் தண்ணீர் ஊற்றக்கூடாது. வாளியைக் கையில் தூக்கியபடி கரைக்கவும் வேண்டாம்.

இரண்டையும் ஒரே நாளில் கொட்டினால் தண்ணீர் பாலாகிவிடும். முதலில் சோடா, ஒருநாள் சுற்றவிட்டுப் பி.எச். பார்த்து, பிறகு கால்சியம், அதையும் மூன்று நான்கு நாள்களுக்குப் பகிர்ந்து. சோடா போட்ட மறுநாளே பி.எச். குறைவாக இருக்கிறதென்று சலவைச் சோடாவைத் தேடி ஓடாதீர்கள். ஊற்று நீரில் கரைந்துள்ள கரியமில வாயு வெளியேற வெளியேறப் பி.எச். தானாகவே கொஞ்சம் ஏறும்.

பிளீச்சிங் பவுடர், மாத்திரை, திரவக் குளோரின் இவற்றில் மலைக்கு எது ஏற்றது?

கடைக்காரர்கள் முதலில் கையில் கொடுப்பது மாத்திரையைத்தான்; டிரைகுளோர் எனப்படும் இதில் கிடைக்கும் குளோரின் 90 விழுக்காடு, சேமிக்க எளிது, மெதுவாகக் கரையும். சுண்ணாம்பு மிகுந்த சமவெளித் தண்ணீரில் இதன் அமிலத்தன்மை ஒருவகையில் உதவியும் செய்கிறது. மலையில் அதுவே கேடு. மாத்திரை கரைந்த நீரின் பி.எச். 3-ஐ ஒட்டியிருக்கும், ஏற்கெனவே மெலிந்திருக்கும் காரத்தன்மையை அது வாரந்தோறும் தின்றுகொண்டே வரும். அதை, மிதக்கும் குப்பையைப் பிடிக்கும் ஸ்கிம்மர் கூடையில் போட்டுவிட்டு இரவில் மோட்டாரை நிறுத்தினால், கூடைக்குள் தேங்கிய அந்த அமில நீர் காலையில் மோட்டாரைப் போட்டதும் நேரே ஹீட்டரின் செம்புக்குள் நுழைகிறது. போதாக்குறைக்கு, மாத்திரை மூலம் 10 பி.பி.எம். குளோரின் சேர்க்கும்போதெல்லாம் 6 பி.பி.எம். சயனூரிக் அமிலமும் சேர்ந்து தங்கிவிடுகிறது.

கால்சியம் ஹைப்போகுளோரைட் குருணையைத்தான் நான் பரிந்துரைப்பேன். 65 முதல் 70 விழுக்காடு குளோரின் உள்ள அது, ஒவ்வொரு 10 பி.பி.எம். குளோரினுடனும் ஏறக்குறைய 7 பி.பி.எம். கால்சியத்தையும் தருகிறது. சமவெளிக்காரர் குறையாகச் சொல்லும் இந்தக் குணம் நமக்கு வரவு. சாதாரணப் பிளீச்சிங் பவுடரும் இதே வகைதான், ஆனால் புதிதாக இருக்கும்போதே அதில் குளோரின் 30 விழுக்காடு சுற்றித்தான். பனிமூட்ட மாதங்களில் பையைப் பிரித்து வைத்தால் கட்டிதட்டி வீரியம் இழந்துவிடும். அதை வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிந்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். திரவக் குளோரினும் நல்லதே; நாள்பட நாள்பட வலுவிழக்கும் என்பதால் கீழிருந்து வரும் கேனில் தயாரித்த தேதியைப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். மாத்திரையையும் கால்சியம் ஹைப்போகுளோரைட்டையும் ஒரே வாளியிலோ, ஒரே கரண்டியாலோ, ஒரே கருவியிலோ கையாளக்கூடாது. இரண்டும் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். ஆசிட்டுடன் எந்தக் குளோரின் கலந்தாலும் நச்சு வாயு வெளிப்படும். மசினகுடியிலிருந்து உதகைக்கு ஏறும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். ஜீப்பின் பின்பக்கத்தில் ஆசிட் கேனையும் குளோரின் டப்பாவையும் பக்கத்துப் பக்கத்தில் உருளவிட்டு ஏறுவதை நான் பார்த்திருக்கிறேன். தனித்தனி நடையாகக் கொண்டுவாருங்கள்.

மேகமூட்டமான ஊரில் வெயில் காப்பு தேவையா?

மூட்டம் இருக்கும் வரை தேவையில்லை என்றே தோன்றும். வானம் திறந்துவிட்டால் கதை மாறும். கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக்கதிர் 10 விழுக்காடு அளவில் கூடும். ஏறத்தாழ 2,100 மீட்டரில் உள்ள கொடைக்கானலில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் என்றாகிறது. சூரியனை ஆராய 1899-இல் ஆய்வகம் அமைக்கத் தேர்ந்தெடுத்த ஊர் அல்லவா? காப்பு இல்லாத குளோரின் தெளிந்த வெயிலில் சில மணி நேரத்துக்குள் பெரும்பகுதி அழிந்துவிடும்.

திறந்தவெளிக் குளத்துக்கு 30 பி.பி.எம். சயனூரிக் அமிலம் போதும். 50-ஐத் தாண்டவிட வேண்டாம், தாண்டினால் குளோரினின் கொல்லும் வேகம் குறைந்துவிடும். ஒருமுறை சேர்த்ததைக் குறைக்கத் தண்ணீரை மாற்றுவதுதான் வழி. கூரைக்குள் இருக்கும் குளத்துக்கும் ஸ்பாவுக்கும் அறவே வேண்டாம்.

மழைக்காலம் முழுவதும் குளம் நிறைந்து வழிகிறது. அதனால் என்ன ஆகும்?

மழைநீரில் கால்சியமும் இல்லை, காரத்தன்மையும் இல்லை. 36 சதுர மீட்டர் பரப்பும் 50,000 லிட்டர் கொள்ளளவும் உள்ள குளத்தில் 100 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 3,600 லிட்டர் புதுத் தண்ணீர் சேர்ந்து அதே அளவு பழைய தண்ணீர் வழிந்தோடுகிறது. நீங்கள் காசு கொடுத்துப் போட்ட கால்சியத்தில் ஏழு விழுக்காடு அதோடு போய்விடுகிறது. ஒரு மாதத்தில் 600 மில்லிமீட்டர் கொட்டினால் 300-ஆக இருந்த கடினத்தன்மை 195-க்கும், 100-ஆக இருந்த காரத்தன்மை 65-க்கும் இறங்கிவிடும்.

கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழையிலும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழையிலும் இந்த இழப்பு மிகுதி. அதிதிகள் இல்லாத மாதம் என்று சோதனையை விட்டுவிடுவது அப்போதுதான். சிமெண்டு அரிபடுவதும் அப்போதுதான். குளத்தை மூட ஒரு விரிப்பு வாங்கினால், அதன் விலை இரண்டு பருவங்களில் மிச்சமாகும் மருந்திலேயே பெரிதும் ஈடாகிவிடும் என்பது என் அனுபவம்.

ஸ்பாவுக்கும் இதே முறைதானா?

அடிப்படை ஒன்று, நடைமுறை வேறு. 1,500 லிட்டர் தொட்டியில் நால்வர் இறங்குவது, 50,000 லிட்டர் குளத்தில் 130 பேர் இறங்குவதற்குச் சமம். வியர்வையும் எண்ணெயும் சோப்பும் அந்த விகிதத்தில் சேர்கின்றன, சூட்டில் குளோரினும் விரைந்து தீர்ந்துபோகிறது. ஊருக்குக் குளிர் மிகுதி என்பதால் வருகிறவர்கள் தொட்டியைவிட்டு எழுந்திருப்பதே இல்லை. ஒவ்வொரு குழு ஏறியபின்னும் சோதித்து மருந்து இடாத ஸ்பா பாதுகாப்பானதன்று.

இதில் கவனம் தவறினால் வருவது தோல் தடிப்போடு நிற்பதில்லை. சூடோமோனாஸ் என்னும் கிருமி நீச்சலுடை மூடிய இடங்களில் சிவந்த கொப்புளங்களை உண்டாக்கும். லெஜியோனெல்லா இதைவிடக் கொடியது: வெதுவெதுப்பான நீரில் பெருகி, குமிழ்களிலிருந்து எழும் நுண்திவலைகளோடு மூச்சில் புகுந்து நுரையீரல் அழற்சியைத் தரும். தண்ணீரின் சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை இறக்க வேண்டாம். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சமநிலையைப் பொறுத்தவரை, சூடான நீரின் காரணி 0.9 என்பதால் குறைந்த கால்சியமே போதும். பி.எச். 7.5, கால்சியம் 150, காரத்தன்மை 75 என்று வைத்தால் குறியீடு பூச்சியத்துக்கு வருகிறது. 20 பி.பி.எம். ஊற்று நீரை நிரப்பிய 1,500 லிட்டர் தொட்டிக்கு 140 கிராம் சமையல் சோடாவும் 290 கிராம் கால்சியம் குளோரைடும்தான் செலவு. மென்னீரில் நுரை கட்டுகிறது என்று நுரைநீக்கி வாங்குபவர்கள் முதலில் இந்தக் கால்சியத்தைப் போட்டுப் பார்க்கலாம். குமிழ்விடும்போது கரியமில வாயு வெளியேறுவதால் ஸ்பாவில் பி.எச். ஏறிக்கொண்டே இருக்கும், காரத்தன்மையை 120 வரை கொண்டுபோனால் அந்த ஏற்றம் இன்னும் விரைவாகும்.

தண்ணீரை எப்போது மாற்றுவது என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: லிட்டர் அளவை 11-ஆல் வகுத்து, ஒரு நாளில் இறங்குவோர் எண்ணிக்கையால் மறுபடி வகுத்தால் நாள்கள் கிடைக்கும். 1,500 லிட்டர், நாளுக்கு எட்டுப் பேர் என்றால் 17 நாள்.

குளோரின் வாடை தூக்கலாக இருக்கிறது என்று அதிதிகள் குறை சொல்கிறார்கள். குறைத்துவிடலாமா?

கூட்ட வேண்டியிருக்கும். வியர்வையோடும் சிறுநீரோடும் வினைபுரிந்து உருவாகும் குளோரமின்தான் அந்த வாடைக்கும் கண் எரிச்சலுக்கும் காரணம். மொத்தக் குளோரினிலிருந்து செயல்படும் குளோரினைக் கழித்தால் குளோரமினாகக் கட்டுண்ட அளவு தெரியும். அது 0.4 பி.பி.எம்.மைத் தாண்டினால், அதைப்போல் பத்து மடங்கு குளோரினை இரவில் ஒரேயடியாகப் போட்டு உடைக்க வேண்டும். பி.எச்.சையும் பாருங்கள்: 7.5-இல் குளோரினில் பாதி வீரியமான வடிவில் இருக்கும், 8.0-இல் கால்வாசிதான். உதகையில் சூடு வெளியேறக்கூடாதென்று குளத்தறையின் சன்னல்களை இறுக அடைத்து வைப்பதும் வாடைக்கு ஒரு காரணம். நாளில் சிறிது நேரமாவது திறந்துவிடுங்கள்.

குளோரின் போட்டதும் தண்ணீர் தேயிலைச் சாயம்போல் ஆகிவிட்டது. ஏன்?

கரைந்திருந்த இரும்போ மாங்கனீசோ குளோரினால் வெளிப்பட்டிருக்கலாம். புதிய கிணற்று நீரையோ லாரித் தண்ணீரையோ குளத்தில் விடுமுன், வெள்ளை வாளி ஒன்றில் எடுத்துச் சிறிது குளோரின் கலந்து ஓரிரவு வைத்துப் பாருங்கள். காலையில் நிறம் மாறியிருந்தால் அந்தத் தண்ணீரைக் குளத்தில் விடாதீர்கள். ஏப்ரல், மே சீசனில் ஒவ்வொரு லாரியும் ஒவ்வோர் இடத்திலிருந்து வரும் என்பதால், ஒவ்வொரு நடைக்கும் இதைச் செய்வது வீண்வேலை ஆகாது.

சுவரில் பழுப்புக் கறை இருந்தால், மருந்துக்கடையில் கிடைக்கும் வைட்டமின் சி மாத்திரை ஒன்றை அதன்மேல் அழுத்தித் தேயுங்கள். மங்கினால் அது இரும்பு. மங்காமல் குளோரினுக்கு மட்டும் மங்கினால், கற்பூர மர இலையோ சீகைப் பூவோ விழுந்து ஊறிய சாயம்.

பாசிக்கு மயில்துத்தம் போடலாமா? தோட்டத்தில் நிறைய இருக்கிறது.

தேயிலையும் காப்பியும் வளர்க்கும் ஊரில் செம்பு மருந்து எல்லா வீட்டுக் கொட்டகையிலும் இருக்கும் என்பது உண்மைதான். குளத்துக்கு வேண்டாம். மென்னீரில் செம்பு கரைந்தே கிடந்து, நீங்கள் பி.எச்.சை உயர்த்திய அன்று சுவரெங்கும் பச்சையாகப் படியும். வெளுத்த தலைமுடி பச்சையாவதும் செம்பால்தான். பழி குளோரின்மேல் விழுகிறது. பாசிக்குத் தூரிகையும் குளோரினும் போதும்.

சோதனைத் தாள் போதுமா?

பனிமூட்டத்தில் மூடியை ஒருமுறை சரியாக மூடாவிட்டால் தாள் ஈரம் கோத்துப் பொய் சொல்லும். சொட்டுப் பெட்டியே நம்பகமானது. ஆனால் குளிர்ந்த நீரில் கடினத்தன்மைச் சோதனையின் நிறமாற்றம் தயங்கித் தயங்கி வரும். மாதிரியை அறைக்குள் வைத்து வெதுவெதுப்பாக்கிய பின் சோதியுங்கள். குளோரின் மிகமிக அதிகமாக இருந்தாலும் இளஞ்சிவப்பு நிறம் வெளுத்து, குளோரினே இல்லாததுபோல் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

உறைபனிக் காலத்தில் யாரும் இறங்குவதில்லை. நிறுத்திவிடலாமா?

குளோரினைக் குறைக்கலாம், பாசி மந்தமாகத்தான் வளரும். சமநிலையை விடக்கூடாது. டிசம்பர், ஜனவரியில் தண்ணீர் 10 டிகிரி வரை இறங்கும்போது பசி ஆண்டின் உச்சத்தில் இருக்கிறது. பி.எச்.சை 7.6-க்கு மேலாக வைத்து, நாளுக்குச் சில மணி நேரம் மோட்டாரை ஓடவிடுங்கள்.

குளத்துத் தண்ணீரை எங்கே, எப்படி வெளியேற்றுவது?

ஓடையில் நேராக விடக்கூடாது. குளோரின் மீனையும் தவளையையும் கொல்லும். கீழே அந்த ஓடையைக் குடிநீராக நம்பியிருக்கும் குடியிருப்புகளும், மாலையில் தண்ணீருக்கு இறங்கும் காட்டெருமைகளும் உண்டு. மருந்திடுவதை நிறுத்திவிட்டுச் சில நாள் வெயிலில் விட்டு, சோதனையில் குளோரின் பூச்சியம் என்று காட்டிய பிறகே திறக்க வேண்டும். அவசரமென்றால் சோடியம் தயோசல்பேட் கொண்டு முறிக்கலாம்.

இன்னொன்று, சரிவு. 50,000 லிட்டரை ஒரே இரவில் தேயிலைச் சரிவில் திறந்துவிட்டால், அது கீழுள்ள தடுப்புச் சுவரின் பின்னால்தான் போய்த் தேங்கும். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் சரிந்த மண்ணைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாலைந்து நாள்களாகப் பிரித்து, கல் பாவிய வடிகாலில் சிறு குழாயால் விடுங்கள். மழைக்காலத்தில் குளத்தை முழுவதும் காலி செய்யவே வேண்டாம்; சுற்றியுள்ள மண்ணில் ஏறிய நீர் வெறுங்குளத்தைக் கீழிருந்து தூக்கித் தரையை விரிசலிட வைத்துவிடும். பிப்ரவரி, மார்ச்சில் மண் காய்ந்திருக்கும்போது வைத்துக்கொண்டால், டைல்ஸ் இடுக்குகளையும் அப்போதே பூசி, சீசனுக்குள் குளத்தை நிரப்பிவிடலாம்.